கடை வாசலில் மனச்சான்று: ஒருபாலினத் திருமணச் சேவை வழக்குகளில் சமயச் சுதந்திர வாதத்தின் வரலாறு (1964–2023)

ஆய்வுச் சுருக்கம்

ஒருபாலினத் திருமணத்திற்குக் கேக் செய்யவும், பூ அலங்கரிக்கவும், நிழற்படம் எடுக்கவும் மறுத்த வணிகர்கள் தம் சமய நம்பிக்கையைக் காரணமாகக் காட்டினர். அவர்கள்மீது பாகுபாட்டுத் தடைச் சட்டங்களின்கீழ் நடந்த வழக்குகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றன. 2023ஆம் ஆண்டில் வணிகர் தரப்பு பெற்ற தீர்ப்பு பலராலும் ‘சமயச் சுதந்திரத்தின் வெற்றி’ எனச் சுட்டப்படுகிறது. இன ஒதுக்கல் காலத்து உணவக வழக்கு முதல் அத்தீர்ப்பு வரையிலான வரலாற்றை நோக்கும் இக்கட்டுரை, சமயச் சுதந்திர வாதம் அதன் சொந்த வலிமையால் இவ்வகை வழக்குகளில் உச்ச நீதிமன்றத்தில் வென்றதில்லை என்றும், வெற்றி கிடைத்தது அவ்வாதம் பேச்சுரிமை வாதமாக உருமாறிய பின்னரே என்றும் நிறுவுகிறது. அம்மாற்றத்தால் பாதுகாப்புப் பெறுவோர் யார், விடுபடுவோர் யார் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சமயச் சுதந்திரம், பாகுபாட்டுத் தடைச் சட்டம், பொதுச் சேவையிடம், ஒருபாலினத் திருமணம், பேச்சுரிமை, அமெரிக்க உச்ச நீதிமன்றம்.

1. முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 2015 ஜூன் 26 அன்று ஓபர்கெஃபெல் வழக்கில் அளித்த தீர்ப்பு, ஒருபாலினத் திருமணத்தை நாடு முழுவதும் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் இசைந்தும் நால்வர் மறுத்தும் அமைந்த தீர்ப்பு அது. திருமணப் பதிவைப் பொறுத்தவரை அரசின் கடமை அத்துடன் தெளிவாயிற்று. ஆயினும் ஒரு திருமணம் பதிவு அலுவலகத்தில் மட்டும் நடந்தேறுவதில்லை. மண்டபம், விருந்து, பூ, கேக், நிழற்படம், அழைப்பிதழ் என வணிகர் பலரின் உழைப்பு அதற்கு வேண்டியிருக்கிறது. அவ்வணிகருள் சிலர், திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே இறைவன் வகுத்த உறவு என்னும் கிறித்தவ நம்பிக்கை உடையவர்கள். அவர்களைச் சேவை செய்யுமாறு சட்டம் கட்டாயப்படுத்தலாமா என்பதே இவ்வழக்குகளின் மையக் கேள்வி.

இவ்வழக்குகளைப் பற்றிய எழுத்துகளில் இருவகைப் பார்வைகள் மேலோங்கியுள்ளன. ஒன்று, 2018, 2023 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளைச் சமயச் சுதந்திரத்தின் வெற்றியாகக் கொண்டாடுகிறது. மற்றொன்று, அவற்றைச் சமத்துவத்தின்மேல் சமயம் பெற்ற மேலாதிக்கமாகக் கண்டிக்கிறது. முடிவில் எதிரெதிராக நிற்கும் இவ்விரு பார்வைகளும், நீதிமன்றம் சமயச் சுதந்திரத்தின் அடிப்படையில் வணிகருக்கு விலக்கு அளித்தது என்னும் அனுமானத்தில் ஒன்றுபடுகின்றன. தீர்ப்புகளைக் கால வரிசையில் வைத்து நோக்கும்போது அந்த அனுமானம் நிலைபெறவில்லை.

2. ‘பொதுச் சேவையிடம்’ என்னும் கருத்து

பொதுமக்களுக்குக் கதவு திறந்துவைத்திருக்கும் தொழிலை நடத்துபவர், வருவோரைத் தக்க காரணமின்றித் திருப்பி அனுப்பலாகாது என்னும் கருத்து ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் பழமையானது. வழிப்போக்கர் விடுதி நடத்துவோரும் பயண ஊர்தி நடத்துவோரும் அக்கடமைக்கு உட்பட்டிருந்தனர். இரவில் வழியில் நிற்கும் ஒருவருக்கு வேறு புகலிடம் இல்லை என்னும் நடைமுறை உண்மையும் இக்கடமைக்கு ஒரு காரணம்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின்னர் இக்கடமை இனச் சமத்துவத்தோடு இணைந்தது. 1875ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், விடுதிகள், பொது ஊர்திகள், நாடக அரங்குகள் முதலியவற்றில் இன அடிப்படையிலான மறுப்பைத் தடை செய்தது. 1883இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கிற்று. அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனியாரைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் விளக்கம். நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருவர் மட்டுமே மாறுபட்டார். தேசியச் சட்டம் வீழ்ந்ததால் மாநிலச் சட்டங்கள் முக்கியத்துவம் பெற்றன. 1876இல் மாநிலமான கொலராடோ, 1885இலேயே பொதுச் சேவையிடங்களில் சம உரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. பிற்காலத்தின் இரு பெரும் வழக்குகளும் இம்மாநிலத்திலிருந்தே எழுந்தன என்பதால் இச்செய்தி கருதத்தக்கது.

தென்மாநிலங்களில் நிலை வேறாக இருந்தது. கறுப்பினப் பயணிகள் எந்த விடுதியில் தங்கலாம், எங்கே உண்ணலாம் என்பதைப் பட்டியலிட்ட ‘கிரீன் புக்’ என்னும் கையேடு 1936 முதல் 1960களின் நடுப்பகுதிவரை வெளிவந்தது. ‘இக்கடை இல்லையெனில் வேறு கடைக்குப் போகலாமே’ என்னும் வாதம் இன்றும் எழுப்பப்படுகிறது. அந்த ‘வேறு கடை’யைத் தேடுவதற்கே ஒரு நூல் தேவைப்பட்ட காலத்தின் சான்றாக இக்கையேடு நிற்கிறது.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், வுல்வொர்த் கடையின் உணவு மேடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் அமர்ந்து தொடங்கிய போராட்டம் நாடெங்கும் பரவியது. 1964 ஜூலை 2 அன்று கையெழுத்தான குடிமை உரிமைகள் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, விடுதிகள், உணவகங்கள், எரிபொருள் நிலையங்கள், அரங்குகள் ஆகியவற்றில் இனம், நிறம், சமயம், தேசிய மரபு ஆகிய அடிப்படைகளில் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஹார்ட் ஆஃப் அட்லாண்டா விடுதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை உறுதி செய்தது. பொதுவிடத்தில் ஒருவரைத் திருப்பி அனுப்புவது அவருடைய தன்மதிப்பைப் பறிக்கும் செயல் என்பதும், அதைத் தடுப்பதே சட்டத்தின் அடிப்படை நோக்கம் என்பதும் அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டன.

1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் இப்பிரிவில் பால் என்பதோ பாலீர்ப்பு என்பதோ இடம்பெறவில்லை. தன்பாலீர்ப்பாளருக்கான பாதுகாப்பு மாநிலங்கள் வழியாகவே வந்தது. 1982இல் விஸ்கான்சின் மாநிலம் இதில் முதலாவதாக நின்றது. கொலராடோவின் பாதை நேரானதன்று. 1992இல் அம்மாநில வாக்காளர்கள், தன்பாலீர்ப்பாளருக்குப் பாகுபாட்டுத் தடைப் பாதுகாப்பு அளிப்பதையே தடுக்கும் திருத்தத்தை ஏற்றனர். 1996இல் ரோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை 6–3 எனச் செல்லாததாக்கியது. 2008இல் அதே மாநிலம் தன் பொதுச் சேவையிடச் சட்டத்தில் பாலீர்ப்பையும் பாதுகாக்கப்பட்ட அடிப்படையாகச் சேர்த்தது.

3. இன ஒதுக்கலுக்குச் சொல்லப்பட்ட சமய நியாயம்

சமய நம்பிக்கையைக் காட்டிச் சேவை மறுப்பது 21ஆம் நூற்றாண்டில் தோன்றியதன்று. கலப்பினத் திருமணத் தடையைத் தகர்த்த 1967ஆம் ஆண்டு லவ்விங் வழக்கில், கீழ்நிலை நீதிபதி இறைவன் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததையே தம் முடிவுக்கு ஆதாரமாகக் காட்டியிருந்தார். இன ஒதுக்கலைச் சமயக் கடமையாகக் கருதியவர்கள் அக்காலத்தில் அரியராக இருந்திலர்.

தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்னும் பெயரில் உணவகங்கள் நடத்திய நிறுவனம், கறுப்பின வாடிக்கையாளரைச் சமமாக நடத்த மறுத்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளரின் சமயச் சுதந்திரத்தை மீறுகிறது என்பது அதன் வாதங்களுள் ஒன்று. அவர் தம் நம்பிக்கையைக் கொண்டிருக்கலாம். ஆனால் பிறர் உரிமையைப் புறக்கணித்து அதைத் தொழிலில் நடைமுறைப்படுத்தும் முழு உரிமை அவருக்கு இல்லை என மாவட்ட நீதிமன்றம் கூறியது. 1968இல் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது முதன்மைக் கேள்வி வழக்கறிஞர் கட்டணம் பற்றியதாக இருந்தது. சமய வாதத்தை நீதிமன்றம் ஓர் அடிக்குறிப்பில், சிறிதும் பொருட்படுத்தத் தகாதது என ஒதுக்கிவிட்டது.

இதன் தொடர்ச்சியாக அமைந்தது 1983ஆம் ஆண்டு பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக வழக்கு. மாணவரிடையே கலப்பினக் காதல் உறவைச் சமயக் காரணத்தால் தடை செய்திருந்த அந்நிறுவனத்திற்கு வரிவிலக்கு மறுக்கப்பட்டது. நம்பிக்கை உண்மையானதே என ஏற்ற நீதிமன்றம், கல்வியில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் அரசின் நோக்கம் அதனினும் மேம்பட்டது என 8–1 என்னும் கணக்கில் முடிவு செய்தது. அப்பல்கலைக்கழகம் தன் தடையை நீக்கிக்கொண்டது 2000ஆம் ஆண்டில்தான். ஆக, இனப் பாகுபாடு தொடர்பான வழக்குகளில் சமய விலக்கு வாதம் ஒருமுறை அடிக்குறிப்போடும், மற்றொருமுறை முழுத் தீர்ப்போடும் தோற்றது.

4. சமய விலக்குரிமையின் ஏற்றமும் இறக்கமும்

அரசியலமைப்பின் முதல் திருத்தம் சமயச் செயற்பாட்டுரிமையையும் பேச்சுரிமையையும் ஒருங்கே பாதுகாக்கிறது. 1963ஆம் ஆண்டு ஷெர்பர்ட் வழக்கில், சனிக்கிழமை வேலை செய்ய மறுத்த செவன்த் டே அட்வென்டிஸ்ட் பெண்ணுக்கு வேலையின்மை உதவித்தொகையை மறுத்தது தவறென உச்ச நீதிமன்றம் கூறியது. சமயச் செயற்பாட்டைக் கணிசமாகத் தடுக்கும் அரசு, அதற்கு மிக வலுவான காரணம் காட்டவேண்டும் என்னும் அளவுகோல் இதிலிருந்து உருவானது.

1990ஆம் ஆண்டு ஸ்மித் வழக்கில் இந்நிலை மாறியது. அமெரிக்கப் பழங்குடியினர் திருச்சபையின் சடங்கில் பெயோட் என்னும் கள்ளிவகையை உட்கொண்டதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்ட இருவருக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டது. நடுநிலையானதும் யாவர்க்கும் பொதுவானதுமான சட்டத்திலிருந்து சமயத்தைக் காட்டி விலக்குக் கோரமுடியாது என நீதிபதி அன்டோனின் ஸ்காலியா எழுதினார். இவ்விதியை வகுத்தவர் பழமைவாத நீதிபதி. அதனால் முதலில் பாதிக்கப்பட்டோர் சிறுபான்மைச் சமயத்தினர். பின்னாளில் கிறித்தவ வணிகரின் வழியை அடைத்ததும் இதே விதிதான்.

ஸ்மித் தீர்ப்புக்கு எதிராக இடதுசாரிகளும் வலதுசாரிகளும் ஒன்றுதிரண்டனர். 1993இல் சமயச் சுதந்திர மீட்புச் சட்டம் செனட் சபையில் 97க்கு 3 என்னும் வாக்குகளில் நிறைவேறியது. 1997இல் அச்சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணச் சேவை வழக்குகள் மாநிலச் சட்டங்களின்கீழ் எழுபவை. எனவே அவற்றில் வணிகர்க்கு ஸ்மித் விதியே குறுக்கே நின்றது. மாநிலங்கள் சில தமக்கெனத் தனி மீட்புச் சட்டங்களை இயற்ற முனைந்தன. அரிசோனா மசோதாவை 2014இல் ஆளுநர் தடுத்தார். 2015இல் இண்டியானா இயற்றிய சட்டம், கடும் எதிர்ப்புக்குப்பின் சேவை மறுப்புக்கு அது அனுமதி அளிக்காது என்னும் திருத்தத்தோடு சில நாள்களிலேயே மாற்றப்பட்டது. 1993இல் ஏறத்தாழ ஒருமித்த ஆதரவு பெற்ற ஒரு கருத்து, 22 ஆண்டுகளில் கட்சிப் பிளவின் அடையாளமாகியிருந்தது.

5. மாநில நீதிமன்றங்களில் முதல் வழக்குகள்

2006இல் நியூ மெக்சிகோவின் எலேன் போட்டோகிராபி நிறுவனம், இரு பெண்களின் இணையேற்பு விழாவை நிழற்படம் எடுக்க மறுத்தது. அப்போது அம்மாநிலத்தில் ஒருபாலினத் திருமணத்திற்கு அனுமதிச்சீட்டு வழங்கப்படவில்லை. திருமணச் சமத்துவம் வருமுன்னரே இவ்வகை மோதல் தொடங்கிவிட்டது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தன்பாலீர்ப்பாளரை மறுக்கவில்லை, அவர்களின் விழாவையே மறுத்தோம் என்னும் வேறுபாட்டை அது ஏற்கவில்லை. உடனிசைந்த நீதிபதி ரிச்சர்ட் பாசன், வணிகத்தில் பிறர்க்கு இடம் கொடுப்பது பல்சமயச் சமூகத்தில் குடிமகனாக இருப்பதற்குச் செலுத்தும் விலை என்னும் பொருள்பட எழுதினார். நம்பிக்கையாளர் இழப்பது சிறிதன்று என்பதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டே அவர் அம்முடிவுக்கு வந்தார். இவ்வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் மறுத்துவிட்டது.

வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லண்ட் நகரிலிருந்த ஆர்லீன்ஸ் பிளவர்ஸ் என்னும் பூக்கடையின் வழக்கு மனித உறவின் சிக்கலை நன்கு வெளிப்படுத்துகிறது. 2013இல் மறுக்கப்பட்டவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளாக அக்கடையின் வாடிக்கையாளர். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதை அறிந்தே கடைக்காரர் அவருக்குப் பூ விற்றுவந்தார். திருமண அலங்காரம் என்றபோதுதான் மறுத்தார். கடைக்காரர் இதனைத் தம் பாகுபாடின்மைக்குச் சான்றாகக் காட்டினார். வாடிக்கையாளருக்கோ, பழகிய இடத்தில் வாழ்வின் முக்கிய நாளுக்காக விடுத்த வேண்டுகோள் மறுக்கப்பட்டதே காயமாயிற்று. மாநில உச்ச நீதிமன்றம் 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் இருமுறையும் ஒருமனதாக வாடிக்கையாளர் பக்கம் நின்றது. 2021இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தபின், 5,000 டாலர் கொடுத்து வழக்கு சமரசத்தில் முடிந்தது.

6. மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப்: நடுநிலையின் மீறல்

2012 ஜூலையில் கொலராடோவின் லேக்வுட் நகரில், மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் என்னும் அடுமனை ஆண் இணையர் இருவருக்குத் திருமணக் கேக் செய்ய மறுத்தது. பிறந்தநாள் கேக் முதலிய பிற பண்டங்களை விற்க அணியமாக இருப்பதாக உரிமையாளர் கூறினார். கொலராடோவில் அப்போது ஒருபாலினத் திருமணம் செல்லாது. இணையர் மாசசூசெட்ஸில் மணம்புரிந்து ஊர் திரும்பி விருந்து வைக்கத் திட்டமிட்டிருந்தனர். மாநிலக் குடிமை உரிமைகள் ஆணையமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அடுமனைக்கு எதிராக முடிவு செய்தன.

2018 ஜூன் 4 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்னும் கணக்கில் அம்முடிவை நீக்கியது. தீர்ப்பை எழுதிய ஆண்டனி கென்னடி, ரோமர், ஓபர்கெஃபெல் ஆகிய தீர்ப்புகளையும் எழுதியவர். ஓபர்கெஃபெல் தீர்ப்பில் அவர், சமய அடிப்படையில் ஒருபாலினத் திருமணத்தை ஏற்காதோரின் நிலைப்பாடு மதிக்கத்தக்க அடிப்படையிலிருந்து எழலாம் எனக் குறிப்பிட்டிருந்தார். லவ்விங் தீர்ப்பில் எதிர்த்தரப்புக்கு இத்தகைய மதிப்பு வழங்கப்பட்டதில்லை. இன ஒதுக்கலோடு இதனை முழுமையாக ஒப்பிட நீதிமன்றம் தயங்கியதன் அறிகுறியாக இதைக் கொள்ளலாம்.

மாஸ்டர்பீஸ் தீர்ப்பின் அடிப்படை குறுகியது. ஆணைய விசாரணையில் உறுப்பினர் ஒருவர், சமயச் சுதந்திரம் அடிமை முறைக்கும் யூத இனப்படுகொலைக்கும் நியாயம் கற்பிக்கப் பயன்பட்டது எனப் பேசி இழிவுபடுத்தினார். தன்பாலீர்ப்புக்கு எதிரான வாசகங்களோடு கேக் செய்ய மறுத்த வேறு மூன்று அடுமனைகளை அதே மாநிலம் குற்றமற்றவையாகக் கருதியது. இவற்றால் அரசு நடுநிலை தவறியது என்பதே முடிவு. இது ஸ்மித் விதிக்கு உட்பட்ட தீர்ப்பு. அந்த விதியும் நடுநிலையையே வலியுறுத்துகிறது. பொதுவாகத் தன்பாலீர்ப்பாளர் மற்றவரைப்போல் பொருளும் சேவையும் பெறும் உரிமையை மாநிலம் பாதுகாக்கலாம் எனவும் கென்னடி வெளிப்படையாக எழுதினார். ரூத் பேடர் கின்ஸ்பர்க், சோனியா சோட்டோமேயர் ஆகியோர் மாறுபட்டனர். அடுமனை வென்றது, அடுமனைகளுக்கான விலக்குரிமை எதுவும் நிறுவப்படவில்லை.

7. பெல்பாஸ்ட் அளித்த வேறுபாடு: ஆளும் வாசகமும்

இதே காலத்தில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றமும் இதே கேள்வியைச் சந்தித்தது. 2013இல் கார்ன்வால் பகுதி விருந்தினர் இல்லம் ஒன்றின் வழக்கில், மணமான இணையர்க்கே இரட்டைப் படுக்கையறை என்னும் கிறித்தவ உரிமையாளரின் விதி, குடிமை இணையேற்புப் பெற்ற ஆண்கள் இருவருக்கு எதிரான பாகுபாடு எனத் தீர்ப்பாயிற்று. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் பிரெண்டா ஹேல்.

2014இல் வட அயர்லாந்தின் ஆஷர்ஸ் அடுமனை, ஒருபாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகம் பொறித்த கேக்கைச் செய்ய மறுத்தது. கேக்கின் விலை 36.50 பவுண்டு; கீழ்நிலை நீதிமன்றம் விதித்த இழப்பீடு 500 பவுண்டு. 2018 அக்டோபர் 10 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அடுமனையின் பக்கம் தீர்ப்பளித்தது. இதனையும் எழுதியவர் ஹேல் அம்மையாரே. மறுக்கப்பட்டது வாசகம், வாடிக்கையாளர் அல்லர். எதிர்பால் ஈர்ப்புடைய ஒருவர் அதே வாசகத்தைக் கேட்டிருந்தாலும் அடுமனை மறுத்திருக்கும் என்பது அவர் தந்த விளக்கம். தீர்ப்பின் பின்குறிப்பில் மாஸ்டர்பீஸ் வழக்கையும் அவர் கருதிப்பார்த்தார். தனி வாசகமில்லாத திருமணக் கேக்கை மறுப்பதும், குறிப்பிட்ட கருத்தைப் பொறிக்க மறுப்பதும் வேறுவேறு என்பது அதனால் புலனாகிறது.

ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே நீதிபதி எழுதிய இவ்விரு தீர்ப்புகளும் முரண்பட்டவை அல்ல. அறை மறுப்பு ஆளின்மீது விழுகிறது; வாசக மறுப்பு கருத்தின்மீது விழுகிறது. இவ்வேறுபாடு வணிகர் நம்பிக்கையாளரா இல்லையா என்பதைச் சார்ந்து நிற்கவில்லை. தன்பாலீர்ப்பாளரான அச்சகத்தார் ஒருவர், தன்பாலீர்ப்பைப் பழிக்கும் துண்டறிக்கையை அச்சிட மறுக்கவும் இதே வேறுபாடு துணைசெய்யும்.

8. சமயத்திலிருந்து பேச்சுக்கு

அமெரிக்காவில் இத்தகைய மாற்றத்திற்கு முன்னோடி ஒன்று உண்டு. பள்ளியில் கொடி வணக்கம் செய்ய மறுத்த யெகோவாவின் சாட்சிகள் பிரிவினரின் பிள்ளைகள், 1940இல் சமயச் சுதந்திரத்தின்பேரில் வழக்காடி 8–1 எனத் தோற்றனர். 1943இல் மற்றொரு கொடி வணக்க வழக்கில் அதே பிரிவினர் 6–3 என வென்றனர். இம்முறை நீதிமன்றம் சமய விலக்குப் பற்றிப் பேசவில்லை. எவரையும் தாம் நம்பாத ஒன்றைச் சொல்லுமாறு அரசு கட்டாயப்படுத்தலாகாது என்றது. 1995இல் பாஸ்டன் நகரின் புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலத்தில் தன்பாலீர்ப்பாளர் குழுவைச் சேர்க்குமாறு அமைப்பாளரைக் கட்டாயப்படுத்த இயலாது என ஒருமனதாக அமைந்த தீர்ப்பும் இவ்வழியில் வந்ததே.

303 கிரியேட்டிவ் என்பது கொலராடோவைச் சேர்ந்த இணையதள வடிவமைப்பு நிறுவனம். திருமண இணையதளங்களை உருவாக்கும் பணியைத் தொடங்குமுன்னரே, 2016இல் அது மாநிலச் சட்டத்திற்கு எதிராக வழக்குத் தொடுத்தது. ஒருபாலினத் திருமணத்தைப் போற்றும் தளங்களை உருவாக்கத் தன் நம்பிக்கை இடந்தராது என்பது உரிமையாளரின் நிலைப்பாடு. மனுவில் சமயச் செயற்பாட்டுரிமை, பேச்சுரிமை ஆகிய இரண்டும் எழுப்பப்பட்டிருந்தன. 2022 பிப்ரவரியில் வழக்கை ஏற்ற உச்ச நீதிமன்றம், விசாரணையைப் பேச்சுரிமைக் கேள்விக்கு மட்டும் வரையறுத்தது. ஸ்மித் விதியை நீக்கவேண்டும் என்னும் வேண்டுகோளை அது எடுத்துக்கொள்ளவில்லை. சமயச் சுதந்திர வாதம் இவ்வழக்கில் தோற்கவுமில்லை, வெல்லவுமில்லை. அது வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

2023 ஜூன் 30 அன்று 6–3 என்னும் கணக்கில் நிறுவனம் வென்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீல் கோர்சச், 1943, 1995 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளை அடிப்படையாகக் கொண்டார். இணையதளங்கள் கருத்து வெளிப்பாடாக அமைபவை, உரிமையாளர் எப்பாலீர்ப்பினர்க்கும் பிற பணிகளைச் செய்ய அணியமானவர் என்னும் இரண்டையும் மாநிலமே ஒப்புக்கொண்டிருந்தது. இதனால் எத்தொழில் கருத்து வெளிப்பாடு, எது அன்று என்னும் கடினமான கேள்வி தீர்க்கப்படாமல் விடப்பட்டது. மாறுபட்ட சோட்டோமேயர், பொதுமக்களுக்குத் திறந்த வணிகம் ஒன்றுக்குப் பாதுகாக்கப்பட்ட பிரிவினரை மறுக்கும் அரசியலமைப்பு உரிமையை நீதிமன்றம் முதன்முறையாக அளிக்கிறது எனக் கண்டித்தார்.

9. மாற்றத்தின் விளைவுகள்

வாதம் சமயத்திலிருந்து பேச்சுக்கு மாறியதால் மூன்று விளைவுகள் ஏற்பட்டுள்ளன.

முதலாவது, பாதுகாப்பின் எல்லை நம்பிக்கையின் ஆழத்தால் அன்றித் தொழிலின் தன்மையால் வரையப்படுகிறது. ஒருபாலினத் திருமண விருந்துக்குத் தன் மண்டபத்தைக் கொடுப்பது பாவத்திற்குத் துணைபோவது என உண்மையாகவே கருதும் மண்டப உரிமையாளருக்கு 303 கிரியேட்டிவ் தீர்ப்பு எவ்விலக்கும் அளிப்பதில்லை. நாற்காலி வாடகைக்கு விடுபவருக்கும் அவ்வாறே. எச்சமய நம்பிக்கையும் இல்லாத இணையதள வடிவமைப்பாளரோ, தமக்கு உடன்பாடில்லாத எக்கருத்தையும் மறுக்கலாம். மனச்சான்றைக் காக்கும் தீர்ப்பாக இதனைக் கொண்டாடுவோர், மனச்சான்று மிக்க பலர் அதன் வெளியே நிற்பதைக் கருதவேண்டும்.

இரண்டாவது, பேச்சுரிமை பாதுகாக்கப்பட்ட பிரிவுகளுக்கிடையே வேறுபாடு காட்டுவதில்லை. சமய வாதத்தை இன வழக்குகளிலிருந்து ஒதுக்க 1968ஆம் ஆண்டு அடிக்குறிப்பும் 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பும் உதவின. பேச்சுரிமை வாதத்திற்கு எதிராக அத்தகைய வேலி இல்லை. கலப்பினத் திருமணத்தையோ மாற்றுத்திறனாளர் திருமணத்தையோ கொண்டாடும் படைப்பை ஒருவர் மறுத்தால் என்ன செய்வது என்னும் சோட்டோமேயரின் கேள்வி இதிலிருந்தே எழுகிறது. மறுக்கப்படுவது ஆள் அன்று, கருத்து என்னும் பெரும்பான்மையரின் விடை, அவ்வேறுபாடு எவ்வளவு உறுதியானது என்பதைப் பொறுத்தே நிலைக்கும்.

மூன்றாவது விளைவு அவ்வேறுபாட்டின் உறுதியையே சோதிக்கிறது. ஆஷர்ஸ் வழக்கின் வாசகத்தை யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். இரு மணமகன்களின் பெயரும் நாளும் இடமும் குறிக்கும் திருமண இணையதளத்தைப் பெரும்பாலும் அவர்களே கேட்பர். ஒரு செயலை ஒரு பிரிவினரே செய்வர் எனில், அச்செயலைக் குறிவைப்பது அப்பிரிவினரைக் குறிவைப்பதே. யூதர் அணியும் சிறுதொப்பிக்கு விதிக்கும் வரி யூதர்மீது விதிக்கும் வரி என 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் ஸ்காலியாவே எழுதியுள்ளார். எனவே ஆள்–வாசகம் என்னும் வேறுபாடு பெல்பாஸ்ட் கேக்கில் தெளிவாகவும், திருமணத் தளத்தில் மங்கலாகவும், வாசகமற்ற கேக்கிலும் பூவிலும் மேலும் மங்கலாகவும் தோன்றுகிறது.

இவற்றால் வணிகர் தரப்பின் இடர்ப்பாடு பொய்யென்று ஆகிவிடாது. கட்டாயப் பேச்சுக்கு எதிரான விதியை 1943இல் பெற்றுத் தந்தவர்கள், பெரும்பான்மையரின் வெறுப்புக்கு ஆளான சிறுபான்மைச் சமயத்தினர். அவ்விதி இன்று தன்பாலீர்ப்பாளருக்கும் அரணாகிறது. அதே வேளையில் கடை வாசலில் திருப்பி அனுப்பப்படுபவரின் தன்மதிப்பு இழப்பு 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேராக இருந்தது. ஒருவர் வேறு கடையில் கேக் வாங்கிக்கொள்ளலாம் என்பதால் அவ்விழப்பு ஈடாவதில்லை.

10. முடிவுரை

1968 முதல் 2023 வரையிலான தீர்ப்புகளை ஒருசேர நோக்கும்போது, வணிகச் சேவையில் சமய விலக்கு என்னும் வாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தன் பெயரில் வென்றதில்லை என்பது தெளிவாகிறது. பிக்கி பார்க்கில் அது அடிக்குறிப்பில் ஒதுக்கப்பட்டது. எலேன், ஆர்லீன்ஸ் வழக்குகளில் மாநில நீதிமன்றங்களில் தோற்று, உச்ச நீதிமன்ற விசாரணையைப் பெறவில்லை. மாஸ்டர்பீஸ் வழக்கில் ஆணையத்தின் பகைமையால் ஒரு வணிகர்க்கு மட்டும் பயன் கிடைத்தது. 303 கிரியேட்டிவ் வழக்கில் அது விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. அங்கு வென்றது பேச்சுரிமை.

இதனால் 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சமயத்திற்கும் சமத்துவத்திற்கும் இடையிலான போரின் முடிவாகக் காண்பது பொருந்தாது. அத்தீர்ப்பு, நம்பிக்கையாளர் பலரைப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தி, நம்பிக்கையற்ற சிலரை உள்ளே சேர்த்துள்ளது. பாலீர்ப்பைக் கடந்து பிற பிரிவுகளையும் தொடக்கூடிய விதியொன்றையும் வகுத்துள்ளது. இனி எழும் வழக்குகளில் வணிகரின் நம்பிக்கை எவ்வளவு உண்மையானது என்னும் கேள்வி பின்னுக்குச் செல்லும். மலர்க்கொத்து பேசுகிறதா, வாசகமற்ற கேக் பேசுகிறதா, நிழற்படம் பேசுகிறது எனில் யாருடைய குரலில் பேசுகிறது என்னும் கேள்விகளுக்கே நீதிமன்றங்கள் விடைகாண வேண்டியிருக்கும்.